கேளாமல் நடந்த பாதை

இந்த முறை என் சப்பாத்துகளில் மண் இல்லை. ஆக்லாந்து விமான நிலையத்தில் அவற்றைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, பண்ணை எதற்கும் போகவில்லையா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திருப்பித் தந்தார். முன்பெல்லாம் உன்னிடமிருந்து திரும்பும்போது, வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாதென்று அவற்றைக் கழுவி, மருந்து மணக்க ஈரத்தோடு தருவார்கள். தொலைபேசியில் சொன்னால் நீ சிரிப்பாய். "எங்கட பாதையைக் கழுவி ஊத்திப்போட்டாங்களோ மச்சான்? பரவாயில்லை, இஞ்சை இன்னும் கிடக்கு. அடுத்த வருசமும் வா."

இப்போது அவை மவுண்ட் வெல்லிங்டன் வீட்டு வாசலில் சுத்தமாகக் கிடக்கின்றன. பென்ரோஸில் வேலை முடிந்து வரும் ஒவ்வொரு மாலையும் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். எடுத்து வைக்க மனமில்லை. களைப்பு என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம். நான் பொறியியல், நீ கால்நடை மருத்துவம். போர் என்னை இங்கும், உன்னை இங்கிலாந்தின் அந்தச் சிற்றூருக்கும் அனுப்பியது. ஒரு மதுக்கடை, ஒரு தபாற்கடை, ஒரே தெருவில் வீடுகள். தேவாலயம் மட்டும் வெகு தொலைவில், புல்வெளி நடுவே தனியாக நின்றது. கோயிலை ஏன் இவ்வளவு தள்ளிக் கட்டினார்கள் என்று கேட்டேன்.

"கோயில் தள்ளிப் போகேல்லை மச்சான். ஊரைத்தான் தள்ளினவங்கள்."

பல தலைமுறைக்கு முன், பெரிய வீட்டுப் பிரபு ஒருவன் தன் சன்னலிலிருந்து பார்க்கையில் குடிசைகள் கண்ணை உறுத்தின என்பதற்காக, ஊரையே இடித்து மேட்டுக்கு அப்பால் குடியேற்றினானாம். தேவாலயத்தை இடிக்க மட்டும் துணிவு வரவில்லை. சனங்கள் ஞாயிறுதோறும் அவனுடைய புல்வெளியைக் குறுக்கறுத்து, தங்கள் பழைய தெருவின் தடத்திலேயே நடந்து போய்க் கும்பிட்டார்கள். அந்தத் தடம்தான் நம் பாதை. மாலை வெயில் சாயும்போது, புல்லுக்கடியில் புதைந்த வீடுகளின் அத்திவாரங்கள் நிழல் கோடுகளாக எழும். இது கொல்லன் வீடு, இது கிணறு என்று நீ காட்டுவாய்.

பிறகு தார் வீதி வந்தது. பூசைக்குப் போகும் சிலரும் காரில் போனார்கள். ஞாயிறு தவறாமல் நடந்தவன் நீ ஒருவன்தான். "சேர்ச்சுக்குப் போற பாதை ஒரு சைவக்காரன்ர காலிலை உயிரோடை இருக்கு, பார்" என்பாய்.

ஒரு கோடையில் நாம் வாயிற்படலையைக் கடக்கையில், அன்றைய நிலக்காரர் தொப்பியைத் தூக்கினார். நல்ல மனிதர். "டாக்டர், என் நிலத்தில் நடக்க உங்களுக்கு எப்போதும் என் அனுமதி உண்டு" என்றார். "மிக்க நன்றி, அது வேண்டாம்" என்றாய் நீ. எனக்குக் கூச்சமாகப் போயிற்று. அவர் போனதும் விளக்கினாய். அந்நாட்டுச் சட்டப்படி, இருபது ஆண்டுகள் பகிரங்கமாக, எவரிடமும் கேளாமல் மக்கள் நடந்தால் பாதை மக்களுடையது. அனுமதி பெற்று நடந்தால், எத்தனை ஆண்டு நடந்தாலும் அது நிலக்காரனின் தயவு.

"கேட்டுப் போனா அவன்ர பாதை. கேக்காமல் போனா சனத்தின்ர பாதை."

படையினர் வளைத்து வைத்திருந்த உன் சொந்த ஊரின் கோவிலுக்கு, திருவிழா நாளில் மட்டும் பாஸ் எடுத்துப் போய்வரலாம் என்று ஒருகாலத்தில் அறிவித்தார்கள். உன் உறவினர் வரிசையில் நின்றார்கள். அவர்களை நீ ஒருபோதும் குறை சொன்னதில்லை. ஆனால் நீ போகவில்லை. அந்தப் படலையடியில்தான் எனக்கு அது விளங்கியது.

பாதையை அரச வரைபடத்தில் சேர்க்கும்படி கிராமச் சபையிடம் ஆண்டுதோறும் கேட்டாய். "யோசிப்போம்" என்றார்கள். "எங்கட ஆக்கள் முகத்துக்கு நேரை இல்லை எண்டுவினம். இவையள் யோசிப்பம் எண்டுவினம். ரெண்டும் ஒண்டுதான், இதிலை தேத்தண்ணி தருவினம்." உனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

உன் செத்த வீட்டுக்கு என்னால் வர முடியவில்லை. இந்த முறை வந்தபோது சபைத் தலைவர் என்னை அன்போடு அழைத்துப் போனார். உன் மரணச் சடங்கில் கண்ணீரோடு பேசியவர் அவர்தானாம். புதிய நிலக்காரர் படலையை எடுத்துவிட்டு, ஆளுயர இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார். சபை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவுக்கு முன்னால் உன் நினைவாக, உட்கார ஒரு மர வாங்கு செய்து வைத்திருந்தது. அதன் பித்தளைத் தகட்டில் உன் பெயர். கீழே, 'இந்தப் பாதையை நேசித்தவர்.'

"காட்சி அழகாக இருக்கிறது, இல்லையா?" என்றார் தலைவர். கம்பிகளுக்கிடையே தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். "நிலக்காரர் மிகவும் பெருந்தன்மையானவர். டாக்டரின் நண்பர் என்றதும் உடனே தந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம்."

அந்தப் பாதையில் உனக்காக ஒருமுறை நடப்பதற்கென்றே உலகின் மறுமுனையிலிருந்து போயிருந்தேன். "மிக்க நன்றி, அது வேண்டாம்" என்றேன். வாங்கிலும் உட்காரவில்லை.

"சாவியைச் சும்மா வாங்கிக்கொண்டு நடந்திருக்கலாமே அப்பா, ஒரு பாதைதானே?" என்று வீடு திரும்பியதும் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு விளக்கும் தெம்பு அன்று இல்லை. ஆனால், நீ கேட்டுக் கேட்டு ஓய்ந்த சபையைத் தாண்டி, அதற்கு மேலுள்ள மாவட்ட அலுவலகத்துக்கு, பாதையை வரைபடத்தில் சேர்க்கும்படி எழுதினேன். நேற்று இராச்சாப்பாட்டு வேளையில் அங்கிருந்து ஒரு பெண் அழைத்தார். ஊரில் எவரும் இன்னும் சாட்சி சொல்ல முன்வரவில்லை என்றார். எப்போது நடந்தோம், எந்தப் பக்கம் நுழைந்தோம் என்றெல்லாம் கேட்டார். கடைசியாக, அங்கே நடக்க யாராவது அனுமதி தந்தார்களா என்றார்.

"இரண்டு முறை தந்தார்கள்" என்றேன். "இரண்டு முறையும் நாங்கள் வாங்கவில்லை."

அதை மெதுவாக மறுபடி சொல்லும்படி கேட்டார். எழுதிக்கொள்கிறார் என்று விளங்கியது. மெதுவாகவே சொன்னேன்.

சப்பாத்துகளை இன்னும் எடுத்து வைக்கவில்லை, மச்சான். வாசலிலேயே கிடக்கட்டும்.