மதகடியில் ஓர் ஆளுக்கு இடம்

தலைவரம்மா,

இன்று காலை தூண்டில் பையைத் திறந்ததும் பெருங்காய வாசனை குப்பென்று ஏறியது. கோதுமை மாவில் பெருங்காயம் சேர்த்துப் பிசைந்தால் கெண்டை தேடிக்கொண்டு வரும் என்று சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். நீங்கள் கண்மூடி ஆறு மாதம் ஆகிவிட்டது. அந்த மாவு டப்பாவை எத்தனை தேய்த்தாலும் வாசனை போவதில்லை. என் மனைவி அதைச் சமையலறைப் பக்கமே அண்டவிடுவதில்லை.

நம் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. ஞாயிறு தோறும் தறிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நாங்கள் ஐந்தாறு ஆண்கள் ஏரி மதகடியில், வேப்பமர நிழலில், என்னவோ பட்டா போட்டு வாங்கிய இடம் மாதிரி உட்கார்ந்திருப்போம். ரேஷன் கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீங்கள் ஒரு மூங்கில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கரையேறி வந்தீர்கள்.

"கொஞ்சம் நகந்து உக்காருப்பா."

"பொம்பளைங்க வளையல் சத்தத்துக்கே மீன் ஓடிடும்மா," என்றேன் நான்.

நீங்கள் வளையல்களைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டீர்கள். "இனிமே சத்தம் வந்தா அது உன் சத்தம்தான்."

அன்று உங்களுக்கு ஏழு கெண்டை. எனக்கு ஒரு பொடி மீன்கூட மாட்டவில்லை. கிளம்பும்போது இரண்டை எடுத்து என் பையில் போட்டு, "கூட உக்காந்துகினு இருந்தவனுக்கும் பங்கு உண்டு" என்றீர்கள். வளையலைத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வீட்டில், "யாரு புடிச்சது?" என்று இவள் கேட்டதற்குக் கூசாமல் "நான்தான்" என்றேன். குழம்பு வேறு அன்றைக்குப் பிரமாதம்.

அப்புறம் நீங்கள் சும்மா இருந்தீர்களா? சாயப்பட்டறைப் பெண்களைக் கூட்டிவந்தீர்கள். தையல்கடை பாயின் சம்சாரம் வந்தார். எங்கள் ஆட்கள் கரையில் கால் வைக்க விடாத தெருக்காரர்கள் வந்தார்கள். மீனே சாப்பிடாத ஒரு சைவ நெசவாளர்கூட வந்து, பிடித்ததையெல்லாம் திரும்ப ஏரியில் விட்டுக்கொண்டிருந்தார். தூண்டில் சங்கம் என்று பதிவும் செய்துவிட்டீர்கள். விதி இரண்டே இரண்டு. யார் வந்தாலும் நகர்ந்து இடம் விடவேண்டும். யாரையும் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

பத்து வருஷம் நடத்திவிட்டு, கை கால் நன்றாக இருக்கும்போதே தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்றீர்கள். கரையில் ஒரே அழுகை. நீங்கள் மட்டும் சமோசா தின்றுகொண்டிருந்தீர்கள்.

"நான் உக்காந்துகினு இருந்தா எனக்குப் பயந்து இடம் வுடுவீங்க. நான் இல்லாதப்பவும் வுடுறீங்களான்னு பாக்கணும்ல?"

அடுத்த தலைவர் என்று என்னைக் கைகாட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்கள உக்காரவே வுடாதவன் நானாச்சே!"

"அதனாலதான் நீ. எவனாச்சும் அதே பேச்ச எடுத்துகினு வந்தா உனக்குத்தான் முதல்ல காதுல வுழும்."

அந்த உருக்கத்தில், நீங்கள் கரைக்கு வந்த முதல் நாள் நான் வீட்டில் சொன்ன பொய்யை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். கூட வந்திருந்த என் மனைவி பார்த்த பார்வை இருக்கிறதே! நீங்களோ, "உப்பு சரியா இருந்துச்சா, அதச் சொல்லு" என்று சிரித்தீர்கள்.

அதன்பிறகும் ஒரு வருஷம், எல்லோரையும் போல ஒரு சாதாரண உறுப்பினராக வந்து உட்கார்ந்தீர்கள். நான் எடுத்த ஒரு முடிவிலும் தலையிடவில்லை. அதற்கே உங்களுக்கு ஒரு மாலை போட்டிருக்க வேண்டும்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் மனோஜ் என்கிற பீகார்காரர், என் வயசு இருக்கும், குச்சியில் நூல் கட்டிக்கொண்டு கரையில் தயங்கி நின்றார். நம் பழைய ஆட்களில் ஒருவர் என் காதோரம் வந்தார். "தலைவரம்மாதான் போயிட்டாங்களே. இனிமே நம்ம ஆளுங்களோட நிறுத்திக்கலாம். இவங்க பேசிகினே இருப்பாங்க, மீன் ஓடிடும்."

மீன் ஓடிடும். என் சொந்தப் பேச்சு, என் காதிலேயே வந்து விழுந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்து சிரிப்பது போலவே இருந்தது. நான் எழுந்து, நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்ந்து உட்கார்ந்து, "பைட்டோ" என்றேன். உட்காரச் சொல்ல எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். பழைய ஆள் முணுமுணுத்துக்கொண்டே தானும் நகர்ந்தார்.

மனோஜுக்கு ஐந்து கெண்டை. எனக்கு, வழக்கம்போல, ஒன்றுமில்லை. சங்க விதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல எங்களுக்குப் பாஷையும் இல்லை. கிளம்பும்போது அவராகவே இரண்டு மீனை எடுத்து என் பையில் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தலைவரம்மா.

வீட்டில் இவள் பையைப் பார்த்தாள். "யாரு புடிச்சது?"

"மனோஜ்னு ஒருத்தரு. ரைஸ் மில்லுல வேல செய்றாரு."

குழம்பு வைத்து இறக்கினாள். பிறகு ஒரு டிபன் பாக்ஸில் நிறைய ஊற்றி மூடி என் கையில் கொடுத்தாள்.

"இந்த வாட்டியாவது புடிச்சவங்களுக்கு ஒரு வாய் போய்ச் சேரட்டும்."

இதை எழுதி முடித்ததும் ரைஸ் மில்லுக்குக் கிளம்புகிறேன். டிபன் பாக்ஸ் தொட்டால் இன்னும் கையைச் சுடுகிறது. உப்பு சரியாக இருக்கிறது, தலைவரம்மா.