முன் சட்டம் இல்லாத நாற்காலி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு மற்றதை மெல்லச் சொல்வதுதான் வழக்கம், ஆனால் இந்த முறை மெய்யாகவே நலம், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள், எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மரத்தில் கோடு போட்டே பழகிய கை இது.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் சொன்னேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க அவளால் முடிந்தது, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் கை கொடுத்துத் தூக்க வேண்டும். பாத்ரூமுக்குப் போக என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். "கொழந்தய தூக்குற மாதிரி தூக்கி எறக்கிட்டு இருக்கீங்க, இதுக்கு விழுந்தப்பவே போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்று ஒருநாள் சொல்லியும் விட்டாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னதும் அந்த வாரம்தான். வேண்டாம் என்று அதட்டினேனே தவிர, நீ வந்தால் தேவலை என்றுதான் உள்ளுக்குள் இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் என் புத்தி எங்கே போகும்? பட்டறைக்குத்தான் போயிற்று. நன்றாகக் காய்ந்த மரமாகப் பார்த்து அம்மாவுக்கென்றே ஒரு நாற்காலி செய்தேன், உயரம் கூட்டி, கைப்பிடி வைத்து, முன்கால் இரண்டையும் சேர்த்துக் கீழே குறுக்காக ஒரு சட்டம் கொடுத்து. அந்த முன் சட்டம்தான் என் அடையாளம் என்று உனக்குத் தெரியும், அதைப் பார்த்தே என் கைவேலை என்று சொல்லிவிடுவார்கள். வயசுப் பையனாக இருந்தபோது நாற்காலி உடையக் கூடாது என்பது ஒன்றுதான் என் குறி. கல்யாணமான பின் அழகின் மேல் ஆசை வந்தது, மூட்டு இருக்கிற இடமே தெரியக் கூடாது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே போயிற்று. அப்புறம் மரத்தோடு சண்டை போடாமல் அது போகிற போக்கில் இழைக்க வந்தது. சரி, கற்க வேண்டியதைக் கற்றாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அம்மா உட்கார்ந்தாள், எழப் பார்த்தாள், தொப்பென்று பின்னால் விழுந்தாள். "உங்க நாற்காலி என்னய விட மாட்டேங்குது" என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேலி செய்தேன், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் ஒரு காலையில் என் காதில் செருகியிருந்த பென்சில் விழுந்து அவள் நாற்காலிக்கு அடியில் உருண்டது. எடுப்பதற்காகத் தரையோடு தரையாகக் கிடந்தேன், அவள் என்னைக் கவனிக்காமல் தானாக எழப் பார்த்தாள். குதிகால் இரண்டும் பின்னால் போக இடம் தேடின, போய் என் சட்டத்தில் இடித்து நின்றன. மறுபடி தேடின, மறுபடி இடித்தன. நீயே எழுந்து பார், பாதத்தை உடம்புக்கு அடியில் இழுக்காமல் எழுந்திருப்பது லேசில்லை. இத்தனை வருஷமும் காலி நாற்காலியைத் தட்டியும் தடவியும்தான் பார்த்திருக்கிறேன், ஒருவர் அதில் உட்கார்ந்து எழுவதை நின்று பார்த்ததே இல்லை. கூடம் கோணல்தான் கண்ணு.

ரம்பத்தை வைத்தபோது என் கையையே அறுப்பது போல இருந்தது. முன் சட்டத்தை எடுத்துவிட்டு, கால் ஆடாமலிருக்கப் பக்கச் சட்டங்கள் இரண்டையும், நன்றாகப் பின்னால் தள்ளி வைத்த ஒரு குறுக்குக் கட்டையால் இணைத்தேன். கைப்பிடியையும் முன்னால் நீட்டினேன், இனி மேஜைக்கு அடியில் நுழையாது, போகட்டும். "பல்லு போன வாய் மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. மறுநாள் பட்டறையில் இழைத்துக்கொண்டிருந்தேன், பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் வாக்கரோடு அம்மா. "எத்தன தடவ கூப்புடுறது, அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு நானே அணைச்சுட்டு வர்றேன், காது என்ன அடச்சுப் போச்சா?" என்றாள். யாரும் தூக்கிவிடாமல் எழுந்து, அடுப்பையும் அணைத்துவிட்டு, என்னைத் திட்டுவதற்கென்று வந்திருக்கிறாள். நான் அழுதுவிட்டேன். கிழவனுக்கு என்ன அழுகை என்று அதற்கும் திட்டு.

இப்போது அடுத்த தெரு ரிட்டயர்டு டிரைவர் தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார், அவருக்கு முழங்கால் வலி. அதுவும் நான் செய்ததுதான். முதலில் உட்கார்ந்து எழுந்து காட்டுங்கள் என்று அவரை நாலு முறை எழுப்பினேன், எரிச்சலாகிவிட்டார். இனி எல்லாரையும் இப்படித்தான் படுத்தப் போகிறேன்.

ஆகவே வேலையை விடாதே. லீவு கிடைக்கும்போது சின்னவளைக் கூட்டிக்கொண்டு எங்களைப் பார்க்க வா, தூக்க வர வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் குனிந்தே கம்ப்யூட்டர் பார்க்க வேண்டாம் என்று சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது யாரும் எடுக்கவில்லை என்று சட்டென்று வைத்துவிடாதே. போனை ஜன்னல் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறோம், நான் அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு. மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும், அம்மா எழுந்து வந்து எடுப்பாள்.

அன்புடன்,
உன் அப்பா