பச்சையாகவே வாடியவளுக்கு

இன்று காலை பால்கனித் தொட்டியில் கத்தரிச்செடி தலை தொங்கிக் கிடந்தது. இலையில் மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, பச்சையாகவே வாடிவிட்டது. தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பிடித்தேன். வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. நாம் இருவரும் ஆராய்ச்சிக்கு எடுத்த அதே பாக்டீரியா வாடல். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, உன்மேல்.

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் நான் கிருமி வளர்த்த தட்டு ஒன்றைக் கீழே போட்டு உடைத்தேன். "சாரமில்ல" என்றாய். திருநெல்வேலியிலிருந்து வந்த எனக்கு, என் வேலையில் சாரமில்லை என்று சொன்னதாகவே பட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். காரணம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாய். "எடி, அது மலையாளம். பரவாயில்லேன்னு அர்த்தம். போனக்காடு எஸ்டேட்டுத் தமிழச்சி நாக்குல பாதி அதுதான்."

அப்புறம் அந்தச் சொல் நம் ஆராய்ச்சிக்குள்ளேயே வந்துவிட்டது. பாக்டீரியாவின் வாலை வைத்துத்தான் செடி எதிரியை அடையாளம் காணும். இந்தக் கிருமியோ வாலில் செடி தேடும் துண்டையே மாற்றி வைத்திருக்கும். அதையும் மீறிச் செடி விழித்துக்கொண்டால், ஊசி போன்ற ஒன்றால் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தி அபாய மணியை அடக்கிவிடும். "உள்ள போயி 'சாரமில்ல, சாரமில்ல'ன்னு சொல்லும். அந்த மண்டு செடியும் நம்பிடும்" என்பாய்.

மண்டு யாரடி? காலில் வெட்டுக்காயத்தோடு, மழைநீர் தேங்கிய வயலில் இறங்கி மாதிரி எடுத்தவள் நீ. காய்ச்சல் அடித்தது. கெண்டைக்கால் வலியை நீயாகச் சொல்லவே இல்லை. நொண்டுவதைப் பார்த்து நான்தான் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, "சாரமில்லடி, சோதனை முடியட்டும்" என்றாய். எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னபோது உன் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. எல்லாம் படித்தவள், உன் மணியை நீயே அடக்கினாய்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், கடைசிவரை ஒரு குறையும் சொல்லாத பெண் என்று உன்னைப் புகழ்ந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். எழுந்து கத்தாமல் பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்ததில் என் பல்லெல்லாம் வலித்தது.

நீ பார்க்காத என் மகளுக்கு இப்போது நான்கு வயது. போன மாதம் நர்சரியில் விழுந்து முட்டி கிழிந்துவிட்டது. டீச்சர் மலையாளத்தில் பெருமையாக, "நல்ல குட்டியாணு, கரஞ்ஞதே இல்ல" என்றார். அழவே இல்லையாம்! வீட்டுக்கு வந்ததும் மடியில் உட்கார வைத்துச் சொன்னேன்: "வலிச்சா கத்து. எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்து."

நன்றாகவே கற்றுக்கொண்டாள். நேற்று கொசு கடித்ததற்கு அவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு மாமி படியேறி வந்துவிட்டார். "என்ன கொழந்தை வளக்கற நீ? எதுக்கெடுத்தாலும் இப்படி அலறணுமா?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மாமி வாசலில் நிற்க, எங்கே கடித்தது என்று குழந்தையின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.