ஐந்தாவது ஓட்டை

மச்சாள், இன்று காலை துப்பாக்கி சுடும் கழகத்தில் புது இலக்குத்தாள் கட்டைப் பிரித்தேன். அச்சு மையின் மணம் குப்பென்று வந்தது, கூடவே நீரும் வந்துவிட்டீர். நீர் கண்மூடி ஒன்பது மாதம். கண் கலங்கும் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது.

"ஊரில துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ரெண்டும் இப்ப ஞாயிறு ஞாயிறாத் துவக்குப் பிடிக்குதுகள்" என்று உம் அண்ணர் பகிடி பண்ணுவார். என் புருஷன்தான், ஆனால் பகிடி பண்ணும் நேரத்தில் அவர் உமக்கு மட்டுமே சொந்தம். "சிரியுங்கோ, சிரியுங்கோ. ஒருநாள் கப்போடை வாறன்" என்பீர்.

ஜெர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரில், அந்தக் கழகத்துக்குப் போன தமிழ்ப் பெண்கள் நாம் இருவர்தான். மேசைமேல் மணல்பையில் துவக்கைக் கிடத்தி, நூறு மீட்டர் தள்ளியிருக்கும் தாளைச் சுடவேண்டும். தாளில் இரண்டு கட்டம். கீழ்க்கட்டத்தில் காற்றின் போக்குப் பிடிபடும்வரை எத்தனையும் சுடலாம். மேல்கட்டத்தில் ஐந்தே ஐந்து, அதுதான் கணக்கு. ஐந்தும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வெற்றி.

அந்த இறுதிப்போட்டியில், நீர் முதலிடத்தில் நிற்க, நடுவர் உம் கடைசித் தாளைக் கொண்டுவந்தார். மேல்கட்டத்தில் ஒரே ஓட்டை, ஓரம் கொஞ்சம் பிய்ந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு "ஃபியர்" என்று நான்கு விரலைக் காட்டினார். ஒரு குண்டு குறைந்தால் அன்றைய சூடு முழுவதும் செல்லாது.

"மச்சாள், கீழ சுட்டதையும் சேர்த்து எண்ணிப்போட்டீரோ? விடும், வீட்ட போவம்" என்று உம் காதுக்குள் சொன்னேன். பழகும்போது நாம் இருவரும் செய்கிற பிழைதானே அது.

"நான் அஞ்சும் மேலதான் சுட்டனான்" என்றீர். "பின்தாளை எடுங்கோ!" என்று நடுவரிடம் தமிழிலேயே கத்திவிட்டு, பிறகு டொச் மொழியில் சொன்னீர்.

இலக்குக்குப் பின்னால் ஒரு நீளத்தாள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஐந்து குண்டும் முன்தாளில் ஒரே ஓட்டையால் போனாலும் அதில் தனித்தனியாக விழும். நடுவர் அதை மேசையில் விரித்து, மேல்வரிசையில் விரல் வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒரு சாண் தள்ளி, ஐந்து!

ஐயோ, என்ன ஆரவாரம்! பியர் குவளையோடு இருந்தவர்கள் எல்லாம் மேசையைத் தட்டினார்கள். நடுவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உமக்குக் கை கொடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, நீர் குதித்தீர். பிறகு என்னிடம் திரும்பி, "நீரும் ஒருக்கா எண்ணிப் பாரும்" என்றீர். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர். எனக்கோ வெட்கத்தில் கண் மங்கி, எண்ணிக்கை நாலுக்கு மேல் போகவில்லை. வீட்டில் உம் அண்ணருக்கு வென்ற அந்தக் கப்பிலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீர். மனுஷன் ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தார்.

போன கிழமை உம் மருமகள், என் மூத்தவள், கார் ஓட்டும் சோதனைக்கு மூன்றாம் தடவை போய்வந்தாள். இரண்டு தடவை கோட்டை விட்டவள். "அம்மா, பாஸ்! தாளைக் காட்டவோ?" என்று வாசலிலேயே பையைக் கிளறினாள்.

"தாள் கிடக்கட்டும், நீ வா" என்று கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். அந்தத் தாளை நான் இன்னும் பார்க்கவில்லை, மச்சாள்.