காவியா கேட்கும் முழுப் புத்தகம்

கெலமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் மகள் காவியாவும் சுகம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொண்டால் எங்களுக்கு அதுவே போதும். போனில் பேசலாம் என்றால் குழந்தை என் தோளிலேயே தொங்குகிறாள், அதனால்தான் கடிதம். தக்காளி இந்த முறை பரவாயில்லை, சானமாவுக் காட்டு யானைகள் இன்னும் நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

போன வாரம் ஓசூர் பழைய புத்தகக் கடையில் காவியாவுக்கு ஒரு சரித்திரக் கதை வாங்கினேன். நீ பத்தாவது படிக்கும்போது, படைத்தலைவன் செத்துப்போனான் என்று சோறு தின்னாமல் கிடந்தாயே, அதே கதை, பிள்ளைகளுக்காகச் சுருக்கியது. அட்டை கிழிந்திருந்தாலும் குதிரைப் படம் நன்றாக இருந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டு வந்து, கோட்டைக் கதவைக் காக்கப் போன படைத்தலைவன் அப்புறம் வரவே இல்லையே என்றாள். யாராவது பக்கத்தைக் கிழித்திருப்பார்கள் என்றேன். பக்க எண்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாப் பக்கமும் இருக்குது தாத்தா, அவன்தான் இல்ல. செத்துட்டானா? சின்னப் பசங்களுக்குன்னு அத எடுத்துட்டாங்களா?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் கண்ணு என்றேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எங்க அப்பாவும் அப்படித்தானா?" என்று கேட்டாள். மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று எழுந்து போய்விட்டேனம்மா, கிணற்றடியில் நின்று அழுதேன்.

மாப்பிள்ளை மணிகண்டன் புனேயில் விபத்தில் போன செய்தி வந்தபோது இவளுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட வீட்டில் அழக்கூடாது என்று, நீயும் நானும் மட்டும் போய்க் காரியத்தை முடித்து வந்தோம், உன் அம்மா கையில் வேப்பிலையோடு குழந்தை பக்கத்தில் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் சொல்லிவிடலாம் என்றோம், ஊற்றி இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா வெளிநாட்டுக் கம்பெனியில் இருக்கிறார் என்று நாம் சொல்லிவைத்ததை இனி அவள் நம்பமாட்டாள். அன்றைக்குப் பிறகு ஒன்றும் கேட்கவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நானே சொல்லிவிடுவேன், ஆனால் இதை அவள் உன் மடியில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். வீடியோவில் சொல்லிவிடாதே, லீவு கேட்டு நேரில் வா.

குலதெய்வம் உனக்குத் துணையிருக்கும், தைரியமாக இரு. அம்மா உனக்காக ராகி மாவு அரைத்து வைத்திருக்கிறாள். ஒன்று மறந்துவிடாதே, வரும்போது பொம்மையும் சாக்லேட்டும் வேண்டாமாம். "சுருக்குனது வேணாம் தாத்தா, அம்மாவ முழு புக்கு வாங்கியாரச் சொல்லு" என்கிறாள்.

உன் அப்பா,
சென்னகிருஷ்ணன்