இரண்டு முகவரி எழுதிய படிவம்

11 பெப்ரவரி 2024
கிளிநொச்சி விடுதி. ஆய்வின் மூன்றாம் அத்தியாயம் ஆமை வேகம். என் ஆய்வு வழிகாட்டி குகதாசன் சேர் வாசித்துவிட்டு, "நஸ்மியா, சின்னச் சின்ன ஆக்கள் எல்லாரும் ரெண்டு கொம்பனியிட்ட இன்டர்நெட் இணைப்பு எடுத்தா, நடுவில நிக்கிற பெரிய ரவுட்டர் ஒவ்வொண்டும் எல்லாற்ற வழியையும் ஞாபகம் வச்சிருக்கோணும். அட்டவணை வீங்கி வெடிக்காதே?" என்றார். ஒரு வழி அறுந்தால் சின்ன ஆட்கள் என்ன செய்வதாம்? கேட்கவில்லை. மனதுக்குள் மட்டும் எனக்கு வாய் நீளம்.

17 பெப்ரவரி
முல்லைத்தீவு, வீடு. வாப்பா காணிப் படிவத்தோடு இருந்தார். தொண்ணூறில் புலிகள் எங்கள் முஸ்லிம் ஆட்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது விட்டுப்போன இரண்டு ஏக்கர். உறுதிப் பத்திரம் இல்லை. கடிதம் போட்டு, காணிக் கச்சேரி என்ற விசாரணை நாளுக்கு அழைத்து, நேரே விசாரித்துத்தான் அனுமதிப்பத்திரம் கொடுப்பார்கள். முகவரிக் கட்டத்தில் பேனை நின்றது. வாக்காளர் பதிவு இன்னும் புத்தளத்தில். வெளியேறிப் போய் அங்கே இருந்த, நான் பிறந்த வீட்டில் இப்போது வாப்பாவின் தங்கை, என் மாமி, தனியாக இருக்கிறா.

"எதை எழுத, மகள்?"

"ரெண்டையும் எழுதுங்கோ வாப்பா. ஒண்டு போனாலும் மற்றது நிக்கும்."

புத்தளத்தை மேலே எழுதினார், இதைக் கீழே. "காணி கிடைச்சா வாக்கையும் இஞ்ச மாத்துவன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "திரும்ப ஓடச் சொன்னா ஓட ஒரு இடம் வேணும்தானே." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

10 மார்ச்
கடிதம் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாப்பா வாசலுக்கு ஓடுகிறாராம். உம்மா சொன்னா.

14 மார்ச்
நோன்பு. தலையிடி. இரண்டு இணைப்பு வைத்துப் பரிசோதித்தேன். வெளியே போகும் தரவை நான் விரும்பிய வழியால் அனுப்ப முடிகிறது. பதில் எந்த வழியால் வரும் என்பது என் கையில் இல்லை, அனுப்புகிறவன் கையில். நான் பார்த்துக்கொண்டிருந்த வழி சும்மா கிடக்க, பதிலெல்லாம் மற்றதில் வந்து குவிந்தது.

"பழைய சிக்கல்தான். எழுதி வையும்" என்றார் சேர். எழுதி வைத்தேன்.

12 ஏப்ரல்
நேற்றுப் பெருநாள். இன்று மாமி புத்தளத்திலிருந்து வந்தா. தொதல் இனிப்போடு ஒரு கடித உறை. "பெருநாளுக்கு வாறன்தானே, கையோட குடுப்பம் எண்டு அலுமாரிக்க வச்சனான்."

காணிக் கச்சேரி — மார்ச் 19.

மாமியில் பிழை இல்லை. காணி அலுவலகக் கந்தோரிலும் இல்லை, மேலே இருந்த முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான். ரெண்டையும் எழுதச் சொன்ன நான்தான். பெரிய ஆராய்ச்சிக்காரி! பரிசோதனையில் கண்ணால் கண்டும் வாப்பாவின் கடிதம் நினைவுக்கு வரவில்லையே, என்ன படிப்பு இது?

வாப்பா ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

22 ஏப்ரல்
வாப்பாவோடு கந்தோருக்குப் போனேன். "ஐயா, நீங்க விசாரணைக்குச் சமுகம் தரேல்ல எண்டு பதிஞ்சாச்சு. காணி மற்ற விண்ணப்பகாரருக்குப் போட்டுது." என்னால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வாப்பா என் கையைப் பிடித்து, "வா மகள், பஸ் போயிடும்" என்றார்.

9 மே
அத்தியாயம் நல்லாயிருக்கு என்றார் சேர். கழிவறைக்குள் போய் அழுதேன்.

16 ஜூன்
நாளை ஹஜ்ஜுப் பெருநாள். வீட்டுக்கு வாக்காளர் படிவம் வந்திருந்தது. பேனையைத் திறந்து வாப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வேணாம் மகள். வாக்கு அங்கயே இருக்கட்டும்."

பிறகு மாமிக்குப் போன் எடுத்து, புத்தளத்து வீட்டின் பின்னறையைக் கூட்டி வைக்கச் சொன்னார்.