தடுப்பு இல்லாத அறை

ஞாயிறு, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் காகிதத்தைத் தேடுகிறாள் என்று கேட்பாய். அப்பாவைக் கப்பலில் சுற்றுலா அழைத்துப்போகும் யோசனையை, எல்லாம் முடிவான பிறகு அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று சொன்னது நீதான். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று நான் ரகசியம் பேசுவது? சமையலறையில் கிசுகிசுத்தால் அது நேராக அவர் கட்டிலுக்குப் போகிறது. பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை எடுத்துக்கொண்டது, காதைத் தொடவில்லை. பேருந்து நெரிசலில் பின்னால் ஒருவன் டிக்கெட் வாங்காமல் மூச்சுவிட்டால்கூடக் கண்டுபிடித்த கண்டக்டர் காது அது. அதனால் இனி முக்கியமானதெல்லாம் கடிதத்தில்.

பயண அலுவலகத்துக்குப் போய்வந்தேன். அங்கே இருக்கும் பெண் நல்ல பொறுமைசாலி. நான் கேட்ட கேள்விகளுக்கு வேறு யாராவது என்றால் எழுந்து கும்பிட்டு அனுப்பியிருப்பார்கள். அறை கப்பலின் நடுப்பகுதியில் இருந்தால் ஆட்டம் குறைவாம். லிஃப்டுக்கு அருகே வேண்டும், ஆனால் ஒட்டி இருந்தால் நாளெல்லாம் சத்தமாம். நாற்காலியின் அகலத்தை நான் பெருமையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் தானாகச் சக்கரத்தைத் தள்ளுவாரா என்று அந்தப் பெண் கேட்டாள். தள்ளுவார், இடது கையால், என்றேன். அப்படியென்றால் முழங்கையையும் சேர்த்து அளந்துவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

நீ ஆசைப்பட்ட தீவுப் பயணம் வேண்டாம். அங்கெல்லாம் கப்பல் நடுக்கடலில் நின்றுவிடுமாம். சின்னப் படகில் இறங்கித்தான் கரைக்குப் போகவேண்டும், அதில் சக்கர நாற்காலியை ஏற்றமாட்டார்கள். எல்லா ஊரிலும் துறைமுக மேடையை ஒட்டி நிற்கும் வேறொரு பயணத்தைப் பார்த்துவைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது குளியலறை. வாசலில் தடுப்பே கிடையாதாம், தரை ஒரே மட்டம். நாற்காலி நேரே உள்ளே போகும். சுவரோடு மடக்கி வைக்கிற இருக்கையில் உட்கார்ந்து குளிக்கலாம். நிஜமாகவா என்று அந்தப் பெண்ணிடம் மறுபடியும் கேட்டேன். நம் வீட்டுக் குளியலறைத் தடுப்பு உனக்கு நினைவிருக்கும். கூடத்துக்குத் தண்ணீர் வரக்கூடாது என்று அம்மா சொல்லிக் கட்டவைத்தது. தினமும் காலையில் அப்பா என் கழுத்தைக் கட்டிக்கொள்வார், நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன், இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தாண்டுவோம். என் முதுகைப் பற்றி நான் எழுதவில்லை, நீயும் கேட்காதே.

உனக்கு விடுப்பு கிடைக்காது என்று சொல்லிவிட்டாய். புது மேலாளர், ஆள் குறைவு, எல்லாம் புரிகிறது. புரிகிறது என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசு ஆறிவிட்டது என்று எழுதவில்லை. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவையே கூட அழைத்துப்போகலாம் என்று இருக்கிறேன்.

ஒரு சந்தோஷமான செய்தி. அப்பாவிடம் நல்ல மாற்றம் தெரிகிறது. இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டுப் பழகுகிறார். நான் உதவப் போனால் வேண்டாம் என்கிறார். சாயங்காலத் தேநீரை அவரே நிறுத்திவிட்டார், எல்லா இடத்திலும் கேட்ட நேரத்துக்குக் கிடைக்குமா என்கிறார். ரேடியோவைக்கூட ஆயாம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். கேட்டால் ஒரே இரைச்சல் என்கிறார். சொன்ன பேச்சைக் கேட்கிற அப்பாவை நான் இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

மேல்வீட்டுத் தலைமையாசிரியர் இப்போது இங்கே இல்லை. பிள்ளைகள் வந்து அழைத்துப்போய்விட்டார்கள். அப்பாவோடு சதுரங்கம் ஆட ஆளில்லை, பலகை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், அரை டிக்கெட். உனக்குத் தலை நரைத்துவிட்டாலும் அப்பா வாயில் இன்னும் அந்தப் பெயர்தான்.

இப்படிக்கு,
அக்கா


வியாழன், ஆஸ்பத்திரியிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

கண் ஆஸ்பத்திரியில் என் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோயாளிகள் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு மூடியபடி காத்திருக்கிறார்கள். நான் அழுதால் பார்க்க யாரும் இல்லை, அது ஒரு வசதி.

நல்ல மாற்றம் என்று எழுதிய கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றினேன். தலையணைக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக, அவருடைய பழைய தோல்பை இருந்தது. பேருந்துக்குக் கொண்டுபோன பைதான். இரண்டு சட்டை, சீப்பு, மருந்து, மூக்குக்கண்ணாடி, அம்மாவின் படம். சட்டைகள் கோணலாக மடிக்கப்பட்டிருந்தன, ஒரு கையால் மடித்தது. இது எதற்கு என்று கேட்டேன். அவர் என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னார்: "பெரிய பை வேணாம்மா. அங்க அலமாரி ரொம்பச் சின்னதுன்னு வாத்தியார் சொன்னாரு."

அங்கே என்றால் எங்கே என்று எனக்குப் புரிய நேரம் பிடித்தது. தலைமையாசிரியரைப் பிள்ளைகள் அழைத்துப்போனது முதியோர் இல்லத்துக்கு. மலைக்குச் சுற்றுலா போகிறோம் என்று சொல்லி, புது ஸ்வெட்டரும் செருப்பும் வாங்கிக் கொடுத்துக் காரில் ஏற்றினார்களாம். அவர் அங்கிருந்து அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். செருப்பு இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது என்று சொன்னாராம்.

இப்போது நாம் போனில் பேசியதை யோசித்துப்பார். கதவு அகலமாக இருக்கிறதா? டாக்டர் எந்நேரமும் இருப்பாரா? ராத்திரி கூப்பிட்டால் ஆள் வருமா? சாப்பாடு அவர்களே கொடுத்துவிடுவார்களா? அப்பாவிடம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். இவற்றை ஒரு தடவை நீயே சத்தமாகச் சொல்லிப்பார். அவர் இத்தனை நாளாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், பொத்தான் போட்டுப் பழகியிருக்கிறார்.

நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், கடல், நீ செய்த ஏற்பாடு, எல்லாம். கப்பலின் படத்தைக் காட்டினேன். திங்கட்கிழமை வாங்கிவந்த முன்பதிவுச் சீட்டைக் கொடுத்தேன். கண்டக்டர் அல்லவா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் தலையில் கைவைத்து, "சரிம்மா. கப்பல்தான்" என்றார்.

அவர் நம்பவில்லை, தம்பி. நான் பொய் சொல்லிக் கஷ்டப்படக்கூடாது என்று நம்புவதுபோல நடிக்கிறார். சுற்றுலா என்றுதானே தலைமையாசிரியரிடமும் சொன்னார்கள்? நான் சத்தியம் செய்தேன், தலையை ஆட்டினார். அறையின் வசதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன், சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இல்லம்தான் என்ற நினைப்பு இன்னும் உறுதியானதைத்தான் பார்த்தேன். கடைசியில் அவரே பேசினார். "கடைசி நிறுத்தம் வந்தா இறங்கித்தானே ஆகணும். நீ எத்தனை நாள்தான் என்னைத் தூக்குவே? தம்பிகிட்ட சொல்லு, எனக்கு வருத்தம் இல்லேன்னு."

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். முடியாது. இதை நான் ஒருத்தியே சுமக்கமாட்டேன், பாதி உன்னுடையது.

நேற்று நீ போனில் பேசியபோது அவர் உன்னிடம் நல்ல காரியம் செய்தாய் என்று சொன்னாரே, நீகூடச் சந்தோஷப்பட்டாயே, அதற்கு அர்த்தம் இதுதான். பயணத்தை நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது. நிறுத்தினால், பாவம் பார்த்து விட்டுவிட்டோம், இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று நினைப்பார். போனாலும் கஷ்டம், நின்றாலும் கஷ்டம். கப்பல் ஏறும் நிமிஷம் வரை அந்த மனுஷன் இல்லத்துக்குப் போகிற மாதிரிதான் போவார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. உனக்குத்தானே அவரிடம் பேசி மசியவைக்கத் தெரியும், எனக்கு அதட்டத்தான் வரும்.

பெயர் கூப்பிடச் சொல்லி டாக்டர் மணியடிக்கிறார். நிறுத்துகிறேன்.

அக்கா


ஞாயிறு, மாலை

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தில் தூசி இருந்தால் உதறிவிட்டுப் படி. வீடு முழுக்க சிமெண்ட். பாத்திரங்கள் எல்லாம் என் கட்டில்மேல் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவைக் குளிக்கவைக்கக் கூட்டிப்போனபோது தடுப்பின்மேல் என் முதுகு பிடித்துக்கொண்டது. விழவில்லை, பயப்படாதே. இரண்டு பேரும் அப்படியே மெதுவாகச் சரிந்து அந்தத் தடுப்பின்மேலேயே உட்கார்ந்துவிட்டோம். அவர் என் முதுகைத் தேய்த்துவிட்டார். அப்போதுதான் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. எங்கோ மிதக்கிற ஓர் அறையின் வாசலில் தடுப்பு இருக்கிறதா என்று ஊரையெல்லாம் விசாரித்தவள் நான். தினமும் இடிபடுகிற இதை உடைத்துப்போடலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அம்மா கட்டியது, அது அங்கேதான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

ஆகவே நேற்றுக் கொத்தனாரை வரச்சொன்னேன். சத்தியமாக, அப்பாவுக்கு எதையும் நிரூபிப்பதற்காக இல்லை. அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் போன வாரமே செய்திருப்பேன்.

முதல் சுத்தியல் அடி விழுந்ததும் அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். என்னம்மா நடக்குது என்று கேட்டார். தடுப்பை எடுக்கிறோம், நாற்காலி உள்ளே போகட்டும், என்றேன். அவர் தூசிக்கு இருமிக்கொண்டு அங்கேயே இருந்தார், நான் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. கொத்தனார் தரையைச் சாய்த்துப் பூசினால் தண்ணீர் வெளியே வராது என்றும், பூசிய பிறகு நன்றாகக் காயவேண்டும், அதுவரை சக்கரம் ஏறக்கூடாது என்றும் சொன்னார். மேல்பூச்சை நாங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது செய்யுங்கள், திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடும் என்று நான் சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை, கணக்கு அப்படி வந்தது.

பிறகு கொத்தனார் காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்து, "ஐயா, கைப்பிடி எந்த உயரத்துல வேணும்?" என்று கேட்டார்.

அப்பா நாற்காலியை வாசல்வரை கொண்டுபோய் இடது கையை நீட்டிச் சுவரில் வைத்தார். கொத்தனார் அந்தக் கைக்குக் கீழே ஒரு கோடு போட்டார். கோடு போட்டு முடித்துவிட்டு அவர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். அப்பா கையை எடுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "போகப்போறவனுக்கு யாரும்மா கைப்பிடி வெப்பாங்க?"

நான் அழுதேன். சிமெண்டுத் தூசி என்று சமாளித்திருக்கலாம், சமாளிக்கவில்லை.

ஆயாம்மா கிளம்பும்போது அப்பா அவளைக் கூப்பிட்டு, கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அசிங்கம்தான், ஆனாலும் அந்த ரேடியோவை நாளைக்குக் கொண்டுவந்துவிடு என்றார். அவள் சிரித்துக்கொண்டே, ஏற்கெனவே அவள் மாமியார் அதற்குப் போர்வை போட்டு மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள். அவளுக்கு வேறொன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் தேநீர் கேட்டார், கொஞ்சம் தாமதமானதற்கு என்னைத் திட்டினார். எத்தனை நாளாயிற்று அவர் என்னைத் திட்டி.

தோல்பையைப் பிரித்துவிட்டோம். அம்மாவின் படத்தை மட்டும் அவர் பையிலேயே வைக்கச் சொன்னார், அவளும் கப்பலைப் பார்க்கட்டுமாம். பிறகு கப்பலில் ஜன்னல் இருக்கிறதா, ஜன்னலோர இடம் யாருக்கு, என்று விசாரணை ஆரம்பித்துவிட்டது. தலைமையாசிரியருக்குப் போன் செய்து, போய் வந்ததும் உங்களைப் பார்க்க வருகிறேன், சதுரங்கப் பலகையைக் கொண்டுவருகிறேன் என்று சொன்னார். போய் வந்ததும் என்பதை அழுத்திச் சொன்னார்.

எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, "அரை டிக்கெட் வரானா?" என்றார். உனக்கு விடுப்பு இல்லை என்றேன். வேலையிருக்கும், பாவம், என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்கும் அவனுக்கு ஒரு இடம் பிடிச்சு வை. முழு டிக்கெட்டாவே போடு" என்றார். நான் நாளைக் காலையில் போய் ஆயாம்மாவுக்குச் சொல்லியிருந்த பக்கத்து அறையை உன் பெயருக்கு மாற்றப்போகிறேன். ஆயாம்மாவுக்கும் ஓய்வு வேண்டும். மேலாளரிடம் என்ன சொல்வாய் என்பது உன் பாடு. வசதியைப் பற்றி நீயும் நானும் பேசியதெல்லாம் போதும், தம்பி. அகலம், உயரம், லிஃப்ட், டாக்டர், எல்லாம் பார்த்தாயிற்று. விட்டுப்போனது நீ ஒருவன்தான்.

அவரைத் தூக்குவது எப்படி என்று பயப்படாதே, சொல்லித் தருகிறேன். முதல் நாள் உன்னிடம் கூச்சப்படுவார், நீ வேறு எதையாவது பேசிக்கொண்டே செய். தளத்தில் கடலைப் பார்த்து உட்காரும்போது அவருக்கு இடப்பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொள். கையைப் பிடிக்கவேண்டும் என்று தோன்றினால் இடது கையைப் பிடி. வலது கையைப் பிடித்தால், நீ பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும்.

உன் வரவுக்காகக் கதவைத் திறந்துவைத்திருக்கும்,
அக்கா